கடைசித் திரையில் ஒரு ‘நலம்’

கதாநாயகி இறந்துவிட்டாள். ஆளில்லாத ரயில் நிலையத்தில் அவன் மட்டும் பெட்டியோடு நிற்கிறான். இசை உயர்ந்து, பிறகு அடங்குகிறது. திரை இருள்கிறது. அந்த இருளின் நடுவே வெள்ளை எழுத்தில் ஒற்றைச் சொல் வருகிறது. அதற்குக் கீழே என்னுடைய தமிழ் சப்டைட்டில்: “நலம்.”

இப்படி ஒரு காரியத்தை நான் செய்திருக்கிறேன். பழைய கறுப்பு வெள்ளை இத்தாலியப் படம் அது. சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்குப் பல நேரம் படமே கைக்கு வராது. நேரக் குறிப்போடு ஆங்கில வசனங்கள் மட்டும் வரிவரியாக ஒரு கோப்பில் வந்து சேரும். இந்த முறை படத்தையும் அனுப்பித்தான் இருந்தார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வரிகளைக் கடந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கடைசி வரிக்கு வந்தபோது, அதைத் திறந்து பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. எஃப், ஐ, என், இ. நான்கே எழுத்து. ஃபைன். யாரோ ‘நலமா’ என்று கேட்டிருப்பார்கள், யாரோ ‘நலம்’ என்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். எழுதி, கோப்பை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

அந்தச் சொல் ஆங்கிலமே இல்லை. இத்தாலிய மொழியில் அதை ‘ஃபீனே’ என்று படிக்க வேண்டும். முடிவு என்று பொருள். பிரெஞ்சுப் படங்களின் இறுதியில் இதே சொல் கடைசி எழுத்து இல்லாமல் வரும். மேற்கத்திய இசைத்தாளைப் பார்த்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்: ‘ட காப்போ அல் ஃபீனே’, அதாவது தலையிலிருந்து திரும்பத் தொடங்கி ‘ஃபீனே’ என்று எழுதியிருக்கும் இடத்தில் நிறுத்து. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. மூன்று மணிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நல்லவேளையாக எங்கள் வேலையில் சரிபார்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். என்னைவிட இருபது வயது மூத்தவர். குறிப்பு எழுதினால் ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டார். கோப்பு திரும்பி வந்தபோது கடைசி வரியின் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: “கதாநாயகி போய்விட்டாள். இனி யாருக்கு நலம்?”

‘முற்றும்’ என்று திருத்தி அனுப்பிவிட்டேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நான்கு எழுத்து என்னை விடவில்லை. முடிவு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லும், நலம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது வெறும் தற்செயலா? அகராதியைப் பிரித்துப் பார்த்தேன். தற்செயல் இல்லை. இரண்டும் ஒரு தாய் மக்கள்.

அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். படங்களிலும் தொடர்களிலும் வருகிற ஒவ்வொரு ஃபைனையும், அதைத் தமிழில் நான் எப்படிக் கொண்டுவந்தேன் என்பதையும் அதில் குறித்துவைக்கிறேன். ‘சரி’ என்று ஒரு பக்கம், ‘போதும்’ என்று ஒரு பக்கம், ‘ஒன்றுமில்லை’, ‘பரவாயில்லை’ என்று இன்னும் சில பக்கங்கள். ஒரே தொடரின் எட்டு அத்தியாயங்களில் 54 ஃபைன் எண்ணியிருக்கிறேன். அந்த 54 இடங்களில் ‘நலம்’ என்ற சொல் பொருந்தியது இரண்டே இடத்தில். அதிலும் ஒன்று கடிதம்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது என் முதல் ஆண்டுப் பிழை. விருந்துக் காட்சி. விருந்து கொடுப்பவர் புட்டியோடு வந்து ஒரு பெண்ணின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றக் குனிகிறார். அவள் கிண்ணத்தின் மேல் கையை வைத்து, ‘ஐ ஆம் ஃபைன்’ என்கிறாள். நான் எழுதியது: “நான் நன்றாக இருக்கிறேன்.” ஊற்றட்டுமா என்று கேட்டவருக்கு உடல்நிலை அறிக்கை! ‘போதும்’ என்று ஒரு சொல்லில் முடிகிற வேலை. ஒரு வரிக்கு ஏறக்குறைய நாற்பது எழுத்து, மிஞ்சினால் இரண்டு வரி, இரண்டு மூன்று விநாடி என்று அளந்து எழுதுகிற தொழிலில் ‘போதும்’ என்பது வரம்.

படியில் தடுக்கி விழுந்தவள் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஃபைன் என்றால், ‘ஒன்றுமில்லை’. மேலதிகாரி அறிக்கையைப் புரட்டிவிட்டு ஃபைன் என்றால், ‘பரவாயில்லை’. அதைக் கேட்ட ஊழியனின் முகம் சுருங்கினால், சரியாக மொழிபெயர்த்திருக்கிறேன் என்று பொருள். கணவன் மனைவி சண்டையில் மனைவி ஃபைன் என்றால், ‘சரி’ என்று எழுதக்கூடாது. ‘உன் இஷ்டம்’ என்று எழுத வேண்டும். காலத்தில் வராதவன் இன்னொருவனுக்கு நேரம் தவறாமையைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, நீ ஒரு ஃபைன் ஆள் என்று மற்றவன் சொல்வான். அங்கே தமிழுக்குக் கொஞ்சமும் சிரமம் இல்லை. ‘நல்ல ஆள் ஐயா நீ’ என்று நாமும் காலகாலமாகச் சொல்லிவருகிறோம். புகழ்ச்சிச் சொல்லைத் தலைகீழாகப் பிடித்துக் குத்துவது எல்லா மொழிக்காரர்களுக்கும் கைவந்த கலை போலிருக்கிறது.

‘ஐ ஆம் ஃபைன்’ என்று சொல்கிறவர் உண்மையில் நலமாக இல்லை என்பதைப் பற்றிப் பலரும் உருகி உருகி எழுதிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு அதைவிடச் சுவையாக இருப்பது, முடிவு என்ற சொல் எந்த வழியாக நடந்து நலத்துக்கு வந்தது என்பதுதான்.

மூலம் லத்தீன் சொல்லான ‘ஃபீனிஸ்’. எல்லை, முடிவு என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது ‘ஃபின்’ ஆனபோது, ஒரு பொருள் போய்ச் சேரக்கூடிய கடைசி எல்லை, அதாவது உச்சம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் செம்மை செய்ய இடமில்லை, வேலை முடிந்தது, ஆகவே சிறந்தது. அந்தச் சிறப்புப் பொருளோடுதான் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஆங்கிலத்துக்குள் நுழைகிறது. தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலப்பெல்லாம் நீக்கி, இனி நீக்க ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்த தங்கம் ஃபைன் தங்கம். இன்றைக்கும் தங்கத்தின் தூய்மையை ஆங்கிலத்தில் ‘ஃபைன்னஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பது கணக்கு. 24 பங்கில் 22 பங்கு தங்கமாக இருந்தால் 916. அந்தக் காலத்துத் தமிழில் இதற்கு ‘மாற்று’ என்று பெயர். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று மனிதர்களைக்கூடச் சொல்கிறோமே, அந்த மாற்று.

தூயது என்றான பிறகு அடுத்த படி எளிது. மாசு நீங்க நீங்கப் பொருள் மெலிகிறது, நுணுகுகிறது. எனவே மெல்லிய நூல் ஃபைன், மாவுபோல் உதிரும் மணல் ஃபைன், ஊசி முனை ஃபைன், ஒப்பந்தத்தின் அடியில் கண்ணில் படாமல் அச்சடிக்கிற எழுத்து ஃபைன். மதுவில் மிதக்கும் கசடை அடியில் படியவைத்துத் தெளியவைப்பதற்கு ஆங்கிலத்தில் இதுவே வினைச்சொல். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் ‘ஃபைன் லெக்’ என்று ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். அங்கே நிற்கிற ஆட்டக்காரர் ஒல்லி என்பதால் வந்த பெயர் இல்லை. ஆடுகளத்தின் நீட்டுக்கோட்டை ஒட்டிய குறுகிய கோணத்தில் நிற்கிறார். அந்தக் கோணம் மெல்லியது என்பதால் ஃபைன். எனக்கே இது புரிய நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

மெலிவுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. நுண், சன்னம், மெல்லிய, பொடி, நூலிழை, மயிரிழை. ‘ஃபைன் லைன்’ என்று வந்தால் ‘மயிரிழை வேறுபாடு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ‘பல் நெருக்கமான சீப்பால் வாரினார்கள்’ என்று ஆங்கிலம் சொல்கிற இடத்தில் நமக்கு ‘சல்லடை போட்டுத் தேடினார்கள்’ இருக்கிறது. ‘காலத்தை ஃபைனாக வெட்டினான்’ என்று அவர்கள் சொன்னால், கடைசி நிமிடத்தில் ஓடி வந்து பிடித்தான் என்று பொருள். இதற்கு எதிராக, ஒரு வேடிக்கையும் உண்டு. மிக மெல்லிய பொடியை நாம் பேச்சில் ‘நைஸாக இருக்கிறது’ என்கிறோம். ஆங்கிலத்திடம் வாங்கிய ‘நைஸ்’ அது. ஆங்கிலேயர் அதை இனியது என்ற பொருளில் சொல்கிறார்கள்; நாம் ஃபைன் இருக்க வேண்டிய இடத்தில் அதை உட்காரவைத்துவிட்டோம். ஆனால் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் நுட்பமான வேறுபாட்டை ‘நைஸ்’ என்று சொல்வது ஆங்கிலத்திலும் பழைய வழக்குதான். அந்த நைஸின் கதை இன்னும் மோசம். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு ‘ஒன்றும் அறியாதவன்’ என்று பொருள். அறிவிலியிலிருந்து புறப்பட்டு நுட்பம் வழியாக இனிமைக்கு வந்து சேர்ந்த சொல். அதைத் தொடர்ந்தால் இன்னொரு நோட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இப்போது அபராதத்துக்கு வருவோம். ‘இங்கே வண்டி நிறுத்தினால் ஃபைன்’ என்ற அறிவிப்பைப் பார்த்து, ‘பரவாயில்லை என்றுதானே போட்டிருக்கிறார்கள்’ என்று நிறுத்திவிட்டுப் போனவனின் பழைய நகைச்சுவை எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு ஃபைனும் எப்படி ஒரே வயிற்றில் பிறந்தன?

இங்கிலாந்தின் பழைய நீதிமன்றத்தில் ‘ஃபைன்’ என்றால் வழக்கை முடித்துவைக்கும் சமரசம். அதில் ஒரு நாடகமும் இருந்தது. நிலம் வாங்குகிறவர், விற்கிறவர் மேல் வேண்டுமென்றே ஒரு வழக்குத் தொடுப்பார். விற்கிறவர் வந்து, ‘ஆமாம், நிலம் அவருடையதுதான்’ என்று ஒத்துக்கொள்வார். நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் எழுதப்படும். சண்டையே இல்லாத சண்டையின் முடிவு அது. ஆனால் அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டதால் நிலத்துக்குப் பலமான பத்திரம். சமரசத்தை ஒரே தோலில் மூன்று முறை எழுதுவார்கள். மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, அடியில் குறுக்காக ஒன்று. பிறகு நெளிநெளியாக வெட்டிப் பிரிப்பார்கள். வாங்கியவருக்கு ஒன்று, விற்றவருக்கு ஒன்று, அடித்துண்டு நீதிமன்றத்துக்கு. பின்னால் யாராவது பொய்ப் பத்திரம் கொண்டுவந்தால், நெளிவோடு நெளிவு பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தால் போதும். அந்த அடித்துண்டுக்கு ஆங்கிலத்தில் பெயர் ‘ஃபைனின் பாதம்’. 1195இல் தொடங்கி, 1833இல் வந்த ஒரு சட்டம் அந்த முறையை ஒழிக்கும்வரை, அறுநூறு ஆண்டுக்கு மேல் இந்தப் பாதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. இன்றைக்கும் அவை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் லத்தீனில் ஒரே வாக்கியத்தோடு தொடங்கும்: ‘இதுவே இறுதி இணக்கம்.’ இறுதி என்ற அந்தச் சொல்லில்தான் நம் ஃபைன் ஒளிந்திருக்கிறது.

அரசனுடைய கோபத்துக்கு ஆளானவனும் ‘ஃபைன் செய்வான்’. சிறையிலிருந்து தப்பவோ தண்டனையைத் தவிர்க்கவோ ஒரு தொகையைக் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொள்வான். முதலில் அது கொடுப்பவன் செய்கிற சமரசமாகத்தான் இருந்தது. போகப்போக, இவ்வளவு கொடு என்று நீதிபதி விதிக்கிற தண்டனையாக மாறிப்போயிற்று. கடனை அடைத்து முடிப்பது என்ற பொருளிலிருந்துதான் ‘ஃபைனான்ஸ்’ வந்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கடன் தொடங்குவதுதான் நினைவுக்கு வருகிறது.

இந்த இடத்தில் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நாம் இதே விஷயத்துக்கு என்ன சொல்கிறோம்? அபராதம். அது வடமொழிச் சொல். அங்கே அதற்குக் குற்றம் என்று பொருள். தமிழுக்கு வந்து, குற்றத்துக்குக் கட்டுகிற பணமாக மாறிவிட்டது. இன்னொரு சொல் தண்டம். முதலில் கோல், பிறகு அந்தக் கோலால் செய்கிற தண்டனை, பிறகு தண்டனைப் பணம், கடைசியில் ‘தண்டத்துக்குச் செலவு’ என்று வீணுக்கும் அதுவே பெயர். நடந்தது ஒரே நிகழ்ச்சி. அபராதம் அதன் தொடக்கத்தைப் பார்க்கிறது, தண்டம் நடுவில் ஓங்கிய கோலைப் பார்க்கிறது, ஃபைன் அதன் முடிவைப் பார்க்கிறது.

முடிவைப் பார்க்கிற சொல் தமிழில் இல்லையா என்று தேடினேன். இருக்கிறது, மூக்குக்கு நேரே: தீர். பணம் தீர்ந்தது என்றால் முடிந்தது. கடன் தீர்ந்தது என்றால் அடைந்தது. வழக்கு தீர்ந்தால் தீர்ப்பு, சிக்கல் தீர்ந்தால் தீர்வு. அரசுக்குச் செலுத்துகிற வரிக்குத் தீர்வை என்று பெயர். நோய் தீர்ந்தால்? அப்போது நலம். திருக்குறளின் 950ஆம் குறளில் மருத்துவனுக்கு வள்ளுவர் வைக்கிற பெயரே ‘தீர்ப்பான்’. முடிவு, பணம், நலம் என்று ஃபைன் நடந்த அதே மூன்று ஊர்களுக்கும் தீர் தனி வழியில் போய் வந்திருக்கிறது. யாரும் யாரிடமும் வாங்கவில்லை. மெல்லிய நூலையும் அழகிய ஓவியத்தையும் மட்டும் தீர் தொடவில்லை. அந்தக் குறையை ‘நேர்த்தி’ தீர்த்துவைக்கிறது. நேர்த்தியான நெசவு, விதை நேர்த்தி, செலுத்தித் தீர்க்கவேண்டிய நேர்த்திக்கடன் என்று அதற்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

அழகிய ஓவியம் என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. ‘ஃபைன் ஆர்ட்ஸ்’ என்பதை நுண்கலை என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு, கவின்கலை என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. நுண்கலைக்காரர்கள் ஃபைனின் மெலிவைப் பிடித்துக்கொண்டார்கள். கவின்கலைக்காரர்கள் அழகைப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘அழகிய கலைகள்’ என்றே பெயர். ஆகவே என் ஓட்டு கவினுக்கு.

இந்தச் சொல்லை வைத்து விளையாடியவர்களில் ஷேக்ஸ்பியரை மிஞ்ச ஆளில்லை. ஹாம்லெட் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், கல்லறைக் காட்சியில், ஒரு மண்டையோட்டைப் பார்த்து, இது ஒரு வழக்கறிஞனுடையதாக இருக்கலாமே என்கிறான் ஹாம்லெட். உயிரோடு இருந்தபோது பத்திரமும் சமரசமுமாக நிலம் வளைத்தவனாக இருப்பான். பிறகு ஒரே மூச்சில் நான்கு ஃபைன்: இவன் செய்த ஃபைன்களுக்கெல்லாம் ஃபைன் இதுதானா, இந்த ஃபைன் தலை நிறைய ஃபைன் மண்ணா? முதலாவது நீதிமன்றச் சமரசம், இரண்டாவது முடிவு, மூன்றாவது நேர்த்தி, நான்காவது பொடி. சப்டைட்டிலில் இதற்கு இரண்டு வரி கிடைக்கும். யாரும் என்னிடம் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போயிற்று. கடைசியில் நின்றது இது: “வழக்கு முடித்து வளைத்தவன் முடிவு இதுதானா? நேர்த்தியான மண்டைக்குள் நேர்த்தியாய் மண்ணா?”

நான்கில் இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஆனால் மண்டைக்குள் மண் இருப்பது தமிழில் மட்டும் கிடைக்கிற லாபம். அந்தப் பெருமையோடு உலவிக்கொண்டிருந்தபோது கல்லாமை அதிகாரத்தின் 407ஆம் குறள் நினைவுக்கு வந்து என்னை உட்காரவைத்தது. “நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம் மண்மாண் புனைபாவை யற்று.” நுட்பமும் மாண்பும் கொண்டு ஊடுருவும் அறிவு இல்லாதவனின் அழகு, மண்ணால் அழகாகப் புனைந்த பொம்மையின் அழகு போன்றது. நுண், மாண், எழில், நலம், மறுபடி மாண். ஃபைனுக்கு அகராதி தருகிற பொருள்களில் பாதி இந்த ஏழு சீரில் அடங்கியிருக்கிறது, மண்ணோடு சேர்த்து. அங்கே நேர்த்தியான தலைக்குள் மண். இங்கே தலைக்குள் ஒன்றும் இல்லாததால் ஆளே மண். இரண்டையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதிவைத்திருக்கிறேன்.

தொழிலுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஒரு ஃபைன் வந்தால், இதற்கு இங்கே என்ன பொருள் என்று யோசிப்பேன். இப்போது, இந்த ஃபைன் எதை முடிக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். கிண்ணத்தின் மேல் கை வைத்தவள் ஊற்றுவதை முடிக்கிறாள்: போதும். விழுந்து எழுந்தவள் பதறி ஓடி வருகிறவர்களின் விசாரிப்பை முடிக்கிறாள்: ஒன்றுமில்லை. மேலதிகாரி அறிக்கையைப் பற்றிய பேச்சை முடிக்கிறார்: பரவாயில்லை. சண்டையில் மனைவி முடிப்பது வாதத்தை. எந்தக் கதவு சாத்தப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் தமிழ்ச் சொல் தானாக வந்து நிற்கிறது. எல்லா இடத்திலும் இது பலிக்காது. ‘ஒன் ஃபைன் டே’ என்று வந்தால் இன்னமும் எரிச்சலாக இருக்கிறது. ‘ஒரு நல்ல நாளில்’ என்று எழுதினால் பஞ்சாங்கம் பார்த்த மாதிரி ஆகிவிடும். ‘திடீரென்று ஒருநாள்’ என்றுதான் பெரும்பாலும் முடிக்கிறேன்.

ஒரு தொடரில் ஒரு சிறுமி, அம்மா திட்டி முடித்ததும், தலையைக் குனிந்தபடி ஃபைன் என்றாள். சரி, ஆகட்டும், போ, உன் இஷ்டம் என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். குனிந்த அந்தத் தலைக்கு எதுவும் பொருந்தவில்லை. இறுதியில் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தைப் போட்டு அனுப்பினேன். சரிபார்ப்பாளர் அதைத் தொடவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய பாராட்டு அது.

போன மாதம் இந்த இத்தாலியப் படக் கதையை அக்காவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“சின்ன வயதில் நாம் பார்த்த பழைய படங்களில் கடைசியாக என்ன போடுவார்கள்?” என்று கேட்டாள்.

“வணக்கம் என்று போடுவார்கள்.”

“இன்னொன்று?”

“சுபம்.”

“சுபம் என்றால் என்ன அர்த்தம்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சுபம் என்றால் நன்மை, மங்கலம். நலம் என்றுகூடச் சொல்லலாம். அந்தச் சொல்லைத் திரையில் பார்த்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கிறோம். யாருக்குச் சுபம் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நலத்தையும் முடிவையும் ஒரே மூச்சில் சொல்கிற சொல் இத்தனை நாள் எங்கள் கண்ணெதிரே கறுப்பு வெள்ளையில் வந்து வந்து போயிருக்கிறது.

“கதாநாயகி செத்த படத்துக்கும் சுபம் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்” என்று அக்கா சாதித்தாள். எந்தப் படம் என்று கேட்டால் மட்டும் நினைவில்லையாம்.

அன்றிரவே சரிபார்ப்பாளருக்கு எழுதினேன். அந்த இத்தாலியப் படத்தின் கடைசி வரியை ‘முற்றும்’ என்பதிலிருந்து ‘சுபம்’ என்று மாற்ற இப்போதும் வழி இருக்கிறதா என்று கேட்டு, அக்கா சொன்ன காரணத்தையும், தீரையும், ஃபைனின் பாதத்தையும் விளக்கி, மூன்று பத்தி. மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. வழக்கமாகத் தமிழில் எழுதுகிறவர், இந்த முறை ஆங்கிலத்தில் நான்கே எழுத்தும் ஒரு முற்றுப்புள்ளியும் அனுப்பியிருந்தார்.

நோட்டில் அதை ‘சரி’ பக்கத்தில் எழுதுவதா, ‘போதும்’ பக்கத்தில் எழுதுவதா என்று இன்னும் தெரியவில்லை.